ஹலோ வீட்டு முதல் ஓட்டு

தேர்தல் வந்துவிட்டது என்பதை எங்கள் தெரு, ஹலோ வீட்டுக் கொடியில் காயும் மைக் பஞ்சுகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். பேசுகிறவர் வாய்க்கும் மைக்குக்கும் நடுவே மாட்டுகிற உருண்டைப் பஞ்சு அது. ஒரு பொதுக்கூட்டம் முடிந்தால் ஈரத்துணி மாதிரி கனக்கும். அந்த வீட்டு அக்கா அவற்றைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் தெளியும்வரை அலசி, கறுப்பும் சிவப்புமாக வரிசையாகக் கவ்வி போட்டுத் தொங்கவிடுவார்.

"எந்தத் தலைவர் எவ்வளவு எச்சில் தெறிப்பார்னு என்னைக் கேளு தம்பி, சொல்றேன்" என்பார்.

"பிழியும்போது பாத்துக்கா. வாக்குறுதியா கொட்டிடப்போகுது" என்பேன் நான்.

எனக்கு எதிர்வரிசையில் சலூன். நாற்காலி இரண்டு, கண்ணாடி ஒன்று, வாய் ஒன்று. கத்தி வேலை செய்கிறதோ இல்லையோ அந்த வாய் வேலை செய்யும் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஹலோ என்பது மைக் செட் வைத்திருக்கிற அக்கா புருஷனுக்குத் தெரு வைத்த பெயர். மைக்கைக் கையில் எடுத்தால் 'ஹலோ, ஹலோ' என்று இரண்டு தடவை சொல்லாமல் கீழே வைக்கமாட்டார். டார்ச் லைட்டை எடுத்தாலும் வாய் தானாக 'ஹ' என்று போகும் என்பது தெருப் பிள்ளைகளின் கேலி. அவர்களுக்கு ஒரே பெண். பிறந்த அன்றைக்கு அவள் அழுத அழுகையைக் கேட்டு அப்பனே வால்யூம் என்று கூப்பிட்டார். பள்ளிக்கூடத்துப் பெயர் ஒன்று உண்டு, அதைச் சொன்னால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

ஏணி ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது இப்போது அவள் வேலை. அப்பனுக்கு முழங்கால் போய்விட்டது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த வீட்டில் நோயாளி படுத்திருக்கிறார், எந்தச் சுவரில் பட்டுச் சத்தம் திரும்பும் என்றெல்லாம் பார்த்துத்தான் குழாயின் வாயைத் திருப்புவாள். கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற நான்தான் ஏணியின் காலை இறுகப் பிடித்துக்கொள்வேன். அவள் பாட்டுக்கு வாயில் கம்பியைக் கடித்துக்கொண்டு ஒரு கையால் கட்டிக்கொண்டிருப்பாள்.

"மைக்குக்குக் கட்சி கிடையாது" என்பது அந்த வீட்டுச் சட்டம். ஆளும் கட்சியும் வாங்க, எதிர்க்கட்சியும் வாங்க, ஒற்றை ஆளாக நிற்கிற சுயேச்சையும் வாங்க. யாருக்கு ஓட்டு என்று வாய் திறக்கக்கூடாது. ஒரே தலையணையில் தலை வைத்துப் படுக்கிற அக்காவுக்கே தன் புருஷன் யாருக்குப் போட்டார் என்று தெரியாது. அவருக்கும் அப்படியே.

இந்தச் சட்டத்துக்கு ஒரே ஒரு விலக்கு, தலைவர். எங்கள் தொகுதியின் சட்டசபை உறுப்பினர். வால்யூமுக்கு எட்டு வயதில் கடுமையான காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. பிள்ளை வராந்தாவில் பாயில் கிடந்தது. அக்கா கொட்டுகிற மழையில் செருப்புக்கூடப் போடாமல் தலைவர் வீட்டுக்கு ஓடினார். அவர் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்து ஒரு போன் போட்டார். படுக்கை கிடைத்தது, பிள்ளை பிழைத்தது. அன்றிலிருந்து அவர் வால்யூமுக்குப் பெரியப்பா. ஒவ்வொரு மேடையிலும் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, "இந்தப் பொண்ணோட முதல் ஓட்டு எனக்கு. இப்பவே சொல்லி வெச்சுட்டேன்" என்பார். கூட்டம் கைதட்டும். அவளும் சிரித்துக்கொண்டு தலையாட்டுவாள்.

இந்தத் தேர்தலில் அவளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. தலைவர் முதல் கூட்டத்திலேயே, "நான் காத்திருந்த ஓட்டு வந்துடுச்சு" என்றார். விசில் காதைப் பிளந்தது.

அவரை எதிர்த்து நின்றவர் நர்சம்மா. அதே ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கூட்டத்துக்கும் ஹலோ வீட்டு மைக்தான். சந்தை முனையில் நடந்த கூட்டத்தில் ஆளைவிட நாற்காலி அதிகம். அந்தம்மா கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. ஊசி போடுவதற்கு முன்னால் பேசுகிற மாதிரி நிதானமாகப் பேசினார்.

"ஆஸ்பத்திரியில படுக்கை கிடைக்க நீங்க யாரையும் தெரிஞ்சு வெச்சிருக்க வேண்டாம். யாருக்கு ரொம்ப முடியலையோ அவங்களுக்கு முதல்ல. அப்படிக் குடுக்கணும்னா பத்துற அளவுக்குப் படுக்கை வேணும். அதைக் கேக்கத்தான் சட்டசபைக்குப் போறேன்னு சொல்றேன். வேற பெரிய பேச்சு எனக்கு வராது."

மறுநாள் அந்தப் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, "இதைத் துவைக்கவே வேண்டாம் போல" என்றார் அக்கா. அன்றைக்கு அவர் வீட்டுச் சோறு அடிப்பிடித்த வாசனை என் கடைக்கு வந்தது. அக்கா வீட்டில் சோறு கருகி நான் பார்த்ததில்லை.

வால்யூமும் சரியாக இல்லை. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து காலி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"மாமா, நீங்க யாருக்குப் போடுவீங்க?"

"யாருக்குத் தலை நிறைய முடி இருக்கோ அவங்களுக்கு. என் பொழப்பு அப்படி."

"விளையாடாதீங்க. எனக்கு நர்சம்மா பேசினதுதான் சரின்னு படுது. கூட்டம் கலைஞ்சதும் பக்கத்துல போய் நாலு கேள்வி கேட்டேன். தெரிஞ்சதைச் சொன்னாங்க, தெரியாததைத் தெரியாதுன்னாங்க. இத்தனை கூட்டத்துக்குக் குழாய் கட்டியிருக்கேன், தெரியாதுன்னு ஒருத்தர் சொல்லி நான் கேட்டதே இல்ல."

"அப்ப அந்தம்மாவுக்கே போட்டுடு. முடிஞ்சுது."

"எப்படி மாமா? நான் இங்க உக்காந்து பேசறதே பெரியப்பாவாலதான். அவருக்குப் போடலன்னா நன்றி கெட்டவள்னு நானே என்னைச் சொல்லிக்குவேன். போட்டா, சரின்னு படறதுக்கு எதிராப் போட்ட மாதிரி. ராத்திரி தூக்கம் வரல."

முதல் ஓட்டை இவ்வளவு பெரிதாக நினைக்கிற ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. என் முதல் ஓட்டு யாருக்கு என்று எனக்கு நினைவுகூட இல்லை.

ஓட்டுப்பதிவுக்கு மூன்று நாள் இருக்கும்போது அது நடந்தது. காலை நேரம். தலைவரின் தெருப் பிரசாரத்துக்கு ஹலோ வீட்டு வாசலில் வேன் தயாராகிக்கொண்டிருந்தது. வேன் தலையில் நான்கு திசைக்கும் நான்கு குழாய். வால்யூம் ஏணியில் நின்று ஒவ்வொன்றாகச் சோதித்தாள். அவர்கள் வீட்டு முறை எப்படியென்றால், அக்கா அடுப்படியில் வேலையைப் பார்த்துக்கொண்டே ஒயரில்லாத மைக்கில் 'ஒண்ணு, ரெண்டு' என்று சொல்லிக்கொண்டிருப்பார். மேலே அவள் கேட்டுக் கேட்டுச் சரிசெய்வாள். அன்றைக்கும் அப்படித்தான். நடுவில் ஆம்ப்ளிபயரிலிருந்து வருகிற ஒயர் திருகு தளர்ந்து நான்கு குழாயும் ஊமையாகிவிட்டன. சத்தம் நின்றதும், மகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டாள் என்று அக்கா நினைத்தார். மைக்கை அணைக்கிற பொத்தானை அமுக்காமல் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சாப்பிட வந்த புருஷனுக்குத் தட்டை வைத்தார்.

மேலே வால்யூம் தளர்ந்த திருகைக் கண்டுபிடித்து முறுக்கினாள்.

நான் ஒருவருக்குப் பாதிக் கன்னம் மழித்திருந்தேன். திடீரென்று தெரு முழுக்க ஹலோ சோறு மெல்லுகிற சத்தம் கேட்டது. நான்கு திசையிலும் மென்றார். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் அக்கா குரல் வந்தது.

"எனக்குச் சோறு இறங்கல. பாப்பா அவருக்குத்தான் போடப்போறா. போடு போடுன்னு நான்தான் சொல்லி வளத்தேன். இப்ப வேண்டாம்னு தோணுது."

"ஏன்? நம்மளுக்கு அவர் செஞ்சது கொஞ்சமா?"

"அந்தப் படுக்கை காலியா இல்லைங்க."

"எந்தப் படுக்கை?"

"பாப்பாவுக்குக் குடுத்த படுக்கை. அதுல வேற ஒரு குழந்தை இருந்துச்சு. நான் ஓடி வரேன், அப்பத்தான் அதை எழுப்பி வராந்தாவுக்குத் தூக்கிட்டுப் போறாங்க. அதோட அம்மா போர்வையைச் சுருட்டிக்கிட்டே என்னைப் பார்த்தா. திட்டியிருந்தாலும் பரவால்ல. 'உங்களுக்கு யாரையாவது தெரியுமா?'ன்னு கேட்டா. நான் ஆமான்னு தலையாட்டினேன். அவ சரின்னுட்டுப் போயிட்டா."

கடையிலிருந்தவர் நுரையோடு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் கத்தியும் கையுமாகத் தெருவைத் தாண்டி ஓடினேன்.

"பாப்பா, மைக் ஓடுதுடி! கழட்டு, கழட்டு!"

வால்யூம் ஏணி உச்சியில் அந்தத் திருகின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு சுற்றுத் திருப்பினால் போதும். அவள் திருப்பவில்லை. என்னைப் பார்த்து, "இருங்க மாமா" என்று மட்டும் சொன்னாள்.

"அந்தக் குழந்தை என்ன ஆச்சுன்னு நான் கேக்கவே இல்லைங்க. பாப்பாவைத் திருப்பிக் கூட்டிட்டு வர்ற வரைக்கும் வராந்தா பக்கமே போகல. பின்பக்கமாவே போய்ப் பின்பக்கமாவே வந்தேன்."

"அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா? பாப்பாவை எழுப்பிட்டு அந்தக் குழந்தையைப் படுக்க வெச்சிருப்பீங்களா?"

ரொட்டிக் கடை, சைக்கிள் கடை, மாடி ஜன்னல் எல்லாம் அவர் பதிலுக்குக் காத்திருந்தன.

"மாட்டேன்" என்றார் ஹலோ.

அதற்குமேல் என்னால் தாங்கவில்லை. உள்ளே ஓடி, "அக்கா, மைக்கு!" என்று கத்தினேன். அந்தக் கத்தலும் நான்கு குழாயிலும் ஊருக்குக் கேட்டது. இன்றைக்கும் என்னைப் பார்த்தால் 'அக்கா, மைக்கு' என்று கூப்பிடுகிற போக்கிரிகள் உண்டு.

அக்கா பானைப் பக்கம் திரும்பினார். மைக்கின் சிவப்பு விளக்கைப் பார்த்தார். கையிலிருந்த கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஹலோ எச்சில் கையாலேயே மைக்கை எடுத்து அணைத்தார். அன்றைக்கு அவர் ஹலோ சொல்லவில்லை.

வால்யூம் உள்ளே வந்தாள். ஆத்தாளை என்ன கேட்டுவிடுவாளோ என்று கதவோரம் ஒதுங்கி நின்றேன். அவள் போய் அக்கா பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"ஏம்மா இதைத் தனியாவே தூக்கிட்டுத் திரிஞ்ச?"

"நீ திங்கிற சோறு உனக்கு இறங்காதேன்னுதான்."

"எனக்கு இறங்கும். நான் அன்னிக்குக் கண்ணே தொறக்கல. நீதான் பாவம்."

அக்கா அழுதார். நான் ஏதாவது நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"நர்சம்மா அப்ப அங்கதான வேலை பார்த்தாங்க? கேட்டா அந்தக் குழந்தை என்ன ஆச்சுன்னு சொல்லிடுவாங்க பாப்பா."

"கேக்கமாட்டேன் மாமா."

"ஏன்?"

"நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா எனக்கு நிம்மதியாயிடும். அந்த நிம்மதியில பேசாம பெரியப்பாவுக்கே போட்டுடுவேன். அந்தக் குழந்தை நல்லா இருந்தா மட்டும், அன்னிக்கு எல்லாருக்கும் படுக்கை இருந்துச்சுன்னு ஆயிடுமா?"

எங்கிருந்து இந்தப் பெண்ணுக்கு இப்படி யோசிக்க வந்தது என்று எனக்குப் புரியவில்லை. கம்பியையும் திருகையும் பார்த்துக்கொண்டிருந்த பெண் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

விஷயம் தலைவர் காதுக்குப் போகாமல் இருக்குமா? அதுவும் அவர் பிரசார வேனிலிருந்தே ஒலித்த விஷயம். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கட்சி ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடந்து வந்தார். தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டது. கூட வந்தவர் உள்ளே நுழையும்போதே, "வேற மைக் செட்டு சொல்லிடலாம் தலைவரே" என்றார். தலைவர் அவரை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, சுருட்டி வைத்த ஒயர்களுக்கு நடுவே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். ஹலோ என்னைப் போகாதே என்று கண்ணைக் காட்டினார். எனக்கும் போகிற எண்ணம் இல்லை.

அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"அம்மா, அன்னிக்கு நான் போன்தான் பண்ணேன்" என்றார் தலைவர். "அந்தப் படுக்கையில யார் இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது."

"உங்களை நான் குத்தம் சொல்லலைங்க. எம்பொண்ணை எனக்குக் குடுத்தவரு நீங்க."

"தெரிஞ்சிருந்தாலும் பண்ணியிருப்பேன்னு வெச்சுக்குங்க. என் வாசலுக்கு வந்து நின்னவங்களை நான் வெறுங்கையோட அனுப்பினதில்ல. அதுலதான் ஜெயிச்சேன், அதுலதான் இருக்கேன்."

"வராதவங்களை, பெரியப்பா?" என்றாள் வால்யூம்.

அவள் சுவரோரம் நின்றிருந்தாள். துடுக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தலைவர் தேநீரைக் கையில் எடுத்து, குடிக்காமல் வைத்திருந்தார்.

"அதை நான் யோசிச்சதில்லம்மா" என்றார் கடைசியில். சொன்னாரே, அதற்காக அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

"சரி, நேராவே கேக்கறேன். உன் முதல் ஓட்டு எனக்கா இல்லையா?"

ஹலோ மகளைப் பார்த்து 'வேண்டாம்' என்கிற மாதிரி கையை அசைத்தார். இருக்கிற தொழில் மொத்தமும் அந்த ஒரு வார்த்தையில் தொங்கியது. தலைவர் முகத்தைச் சுளித்தால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் அவர்களைக் கூப்பிடமாட்டார்கள். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஓட்டு ரகசியம்தானே, சிரித்து மழுப்பியிருக்கலாம். நானாக இருந்தால் 'உங்களுக்குத்தான்' என்று சொல்லிவிட்டு உள்ளே போய் எதையோ போட்டிருப்பேன்.

"உங்களுக்கு இல்ல பெரியப்பா" என்றாள். சொல்லும்போது கண் நிறைந்துவிட்டது. "மேடையில கேட்டப்ப எல்லாம் தலையாட்டிட்டேன். அதனால உங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்லிடணும்னு தோணுச்சு. தப்பா இருந்தா திட்டிடுங்க."

தலைவர் ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

"என் கூட இருக்கறவன் எவனும் இப்படி எங்கிட்டச் சொன்னதில்ல" என்றார். எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார். "நாளைக்குக் கூட்டத்துக்குக் குழாய் நீதான் கட்டணும்."

"கடைசி வீட்டுக்கும் கணீர்னு கேக்கும் பெரியப்பா. அதுல குறை வைக்கமாட்டேன்."

அப்படியே கேட்டது. அந்தக் கூட்டத்தில் அவர் குரலில் இருந்த தெளிவு அதற்கு முன்னால் இருந்ததில்லை. ஓட்டுப் போடமாட்டேன் என்று தானே சொல்லிவிட்ட ஆளுக்காக அவள் உச்சி வெயிலில் ஆறு கம்பம் ஏறி இறங்கினாள். ஒவ்வொரு குழாயையும் இரண்டு தடவை திருப்பி வைத்துப் பார்த்தாள். முதல் ஓட்டைப் பற்றி அன்றைக்குத் தலைவர் வாயைத் திறக்கவில்லை.

ஓட்டுப்பதிவு அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் ஆண்கள் வரிசை ஒருபக்கம், பெண்கள் வரிசை ஒருபக்கம். ஹலோவும் நானும் முதலில் போட்டுவிட்டு வெளியே மரத்தடியில் நின்றோம். வால்யூம் விறுவிறுவென்று உள்ளே போய் விறுவிறுவென்று வந்தாள். விரல் மையை ஊதிக்கொண்டே வந்தாள். பரீட்சை எழுதி முடித்த முகம்.

அக்காதான் உள்ளே போனவர் வரவில்லை. பின்னால் வந்தவர்கள் போட்டுவிட்டுப் போனார்கள். எந்திரம் கெட்டுவிட்டதோ, மயக்கம் போட்டுவிட்டாரோ என்று ஹலோ கதவுப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தார். ஒருவழியாக அக்கா வந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"இவ்வளவு நேரமா ஒரு பொத்தானை அமுக்க?" என்றார் ஹலோ.

"நான் அவருக்குத்தான் போட்டேன்" என்றார் அக்கா.

இத்தனை வருஷமாகக் காத்த வீட்டுச் சட்டம் மரத்தடியில் உடைந்தது. ஹலோ சுற்றுமுற்றும் பார்த்தார். வால்யூம் ஆத்தாளை விழித்துப் பார்த்தாள்.

"என்னம்மா சொல்ற? அன்னிக்கு அவ்வளவு பேசினியே?"

"பேசினது பேசினதுதான். அந்தம்மா சொல்றதுதான் நியாயம், எனக்கும் தெரியும். ஆனா மழையில ஓடிப்போய் அவர் கால்ல விழுந்தவ நான். நீ விழல. உன்னை யாரும் கேக்கல. பதிலுக்குக் குடுக்கவேண்டியது ஒண்ணு இருந்துச்சு, அதை நான் குடுத்துட்டேன். இனிமே எவனாவது உன்னைப் பார்த்து நன்றி அது இதுன்னு கேட்டா, எங்கம்மா குடுத்தாச்சுன்னு சொல்லு."

அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருக்காது. "ரெண்டு பேர் ஓட்டும் ஒண்ணுக்கொண்ணு சரியாப் போச்சு. பேசாம வீட்லயே இருந்திருக்கலாம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

வால்யூம் ஆத்தாளின் மை வைத்த விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப போர்வையைச் சுருட்டிக்கிட்டுப் போனாங்களே, அந்த அம்மாவுக்கு?" என்று கேட்டாள்.

"அவளுக்குத்தான் நீ போட்டுட்டியே" என்றார் அக்கா.